மரை கழன்ற திருகு

மார்ச் 3

டிரைபாட்டின் தலை இன்று மறுபடியும் தொங்கிவிட்டது. சாய்வை இறுக்கிப் பிடிக்கிற திருகில் மரை சுத்தமாகத் தேய்ந்துபோயிற்று. மரக் கேமரா குப்புற விழப் பார்த்தது, மார்பில் தாங்கிக்கொண்டேன். பழைய ரயில் பாலத்தை மாதக் கடைசியில் இடிக்கிறார்கள். அதற்குள் படமெடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தவள் நான்.

"புதுசா ஒண்ணு வாங்கேன்க்கா. அதுக்கும் மரை கழண்டுடுச்சு, உனக்கும் கழண்டுடுச்சு" என்றான் தம்பி. தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கிற ஜென்மம். புது டிரைபாட்டின் தட்டு உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதில் என் கேமராவை எங்கே உட்கார வைப்பது, இவன் தலையிலா?

மார்ச் 5

கேமராக் கடை. முதலாளி டிரைபாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மேடம், ஹால்ல நிறுத்தி மேல ஒரு லைட் போடுங்க. சூப்பரா இருக்கும்."

இவர் கேமரா விற்கிறார்.

மார்ச் 9

லேத் பட்டறைக்காரர், "அளவெல்லாம் எதுக்கு, கண்ணாலயே சொல்லிடுவேன்" என்றார். கண்ணாலேயே கடைந்தார். திருகு பாதி நுழைந்து சிக்கிக்கொண்டது. சுத்தியலால் ஒரு போடு போட்டு, "இப்ப ஆடாது பாருங்க." ஆடவில்லைதான். அசையவும் இல்லை. அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மார்ச் 13

எல்லோரும் கைகாட்டியது ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவரை. படமெடுக்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மியூசியம்'. போனேன். அறை முழுக்க டிரைபாட்கள், ஒன்றைவிட ஒன்று தடியாக. ஜன்னலோரம் என்னுடையதன் இரட்டைப்பிறவி. அதே திருகு, புத்தம் புதிதாக.

"கழட்டிக் குடுத்தா அது மூளியாயிடும்மா."

"இதுல நீங்க படம் எடுக்கறீங்களா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு இத்தனை?"

இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டபடியே வாசல்வரை வந்தார். பெரிய மனுஷத் தோரணை!

மார்ச் 14

வளர்ந்த குழந்தை. பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கட்டும்.

மார்ச் 17

மியூசியம் போன் செய்தது. "என்னையும் இந்த ஸ்டாண்டுகளையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக் குடு. திருகை எடுத்துக்கோ." சுவரில் மாட்டித் தன்னைத் தானே ரசிக்க வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். வேறு வழி?

மார்ச் 19

ஜன்னலோர டிரைபாட்டிலேயே என் கேமராவை ஏற்றினேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் நின்ற டிரைபாட் மேல் ஒரு கையை வைக்கச் சொன்னேன்.

"வேணாமே."

"ஒரு நிமிஷம்தான் சார், வையுங்க."

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் அவர் தலைகீழாகத் தெரிந்தார். கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது, அவருக்குச் சம்பந்தமில்லாதது போல. கூடவே டிரைபாட்டின் கால் தரையில் கடகடவென்று தட்டியது. அவர் மனைவி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கனமா வாங்கினா படம் ஆடாதுன்னு நினைச்சார். ஒவ்வொண்ணா வாங்கினார். ஆட்டம் ஸ்டாண்டுல இல்லன்னு எப்படிம்மா சொல்றது?"

நான் துணியை விட்டு வெளியே வரவில்லை. வந்து என்ன முகத்தைக் காட்டுவது?

மார்ச் 20

திருகை அவர் மனைவியே கழற்றப் போனார். வேண்டாம் என்றேன். டிரைபாட்டோடு சாரும் பாலத்துக்கு வரட்டும் என்றேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

மார்ச் 24

பாலத்தைப் படமெடுத்தாயிற்று. காலையிலிருந்து சாரிடம் ஒரே திட்டு. "பாலத்த எடுக்கிறியா, வானத்த எடுக்கிறியா? கீழ இறக்கு. இன்னும். கண்ணு தெரியுதா உனக்கு?" குடை பிடித்த தம்பிக்கும் பங்கு கிடைத்தது. இவ்வளவு திமிரை ஒரே ஆளிடம் நான் பார்த்ததில்லை. அவர் சொன்ன கோணம்தான் சரியான கோணம் என்பது வேறு எரிச்சல். அவர் "இப்ப" என்றார், நான் அழுத்தினேன்.

கரையேறும்போது டிரைபாட்டின் ஒரு முனையைத் தானே பிடிப்பேன் என்று அடம்பிடித்தார். பாரம் முழுக்க என் பக்கம். இருந்தால் என்ன?