மூடிய தொலைநோக்கி கண்ட கோடு

பாசமுள்ள பவானி அக்கா,

உன் படத்துக்குப் பக்கத்தில் அம்மா மாட்டியிருந்த சட்டத்தை இத்தனை நாள் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காய்ச்சலில் நீ போனபிறகு வெளியான ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கம் அது. உன் பெயர்தான் முதலில் இருக்கிறது. நேற்றுவரை தினமும் காலையில் உன் படத்தோடு அதற்கும் அம்மா திருநீறு வைத்தார்.

ஒரு நட்சத்திரத்தின் எக்ஸ்ரே ஒளியைப் பிரித்த வரைபடத்தில் புதிய கோடு ஒன்றைக் கண்டதாக அதில் எழுதியிருக்கிறது. நீ கண்டது அதுவா, அக்கா? விண்வெளித் தொலைநோக்கியின் மூடியைத் திறக்காமல் எடுத்த பதிவுகளை நீ தனியாக வரவழைத்தாய். மூடியிருந்தால் வானம் தெரியாது. அப்போதும் அதே இடத்தில் அதே கோடு. விண்வெளித் துகள்கள் மோதி, கருவியின் சொந்த அலுமினியமே எக்ஸ்ரேயை உமிழ்கிறது, வெறும் கருவி இரைச்சல், நட்சத்திரத்தின் ஒளி இல்லை என்றாய். "மூடி போட்டுப் பாக்காம வானத்தப் பத்திப் பேசக்கூடாது லா" என்று கணினி அறையில் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

உன் துறைத் தலைவருக்கும் அது தெரியும். நீ போன மறுவாரம் உன் மேசையிலிருந்த, மூடிய பதிவுகளின் வரைபடத்தை அவரே எடுத்துப் போனதை, அதே துறையில் கணினிகளைப் பராமரிக்கும் நான் கண்ணால் பார்த்தேன். பிறகு உன் கருமாதிக்கு நம் கிள்ளான் வீட்டுக்கு வந்தார். வடையைத் தின்றுகொண்டே, கட்டுரையின் சுருக்கம் இருந்த ஒரு சம்மதத் தாளை நீட்டினார்.

"செல்வி, அக்கா பேருதான் ஃபர்ஸ்ட்ல வரும். குடும்பத்துல ஒருத்தர் சைன் பண்ணா போதும். அம்மா சந்தோஷப்படுவாங்க லா."

எண்ணெய் விரல் பதிந்த தாள். மூடிய பதிவுகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். உன் பெயரை அச்சில் பார்க்கும் ஆசை. அவரைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பு அதிகம்.

போன வாரம் அவருக்குப் பதவி உயர்வு. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் விருந்து வைத்தார். உன்னைப் பற்றிப் பேசினார், கண்ணைத் துடைத்தார், அதே மூச்சில் இன்னும் கொஞ்சம் ஆட்டுக்கறி கேட்டார். நான் இலையை மடிக்காமலே எழுந்துவிட்டேன்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் படத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"அவ தப்பா சொன்னாளா?"

"இல்லம்மா. அவ சரியாத்தான் சொன்னா. இவங்கதான் மாத்திட்டாங்க. நானும் சைன் போட்டேன்."

"அப்போ இத்தன நாளு பொய்க்கா விபூதி வச்சேன்?"

அம்மாவே சட்டத்தைக் கழற்றினார். உன் பதிவுகளின் கணினி நாடா நகல் என் அலமாரியில் இருந்தது. இன்று காலை வரைபடத்தை மறுபடி அச்செடுத்தேன். ஒரு பிரதி, என் கையெழுத்து தவறு என்ற கடிதத்தோடு ஆய்விதழுக்குப் போய்விட்டது. என் வேலை போகலாம், போகட்டும்.

இன்னொரு பிரதியை அம்மா சட்டத்துக்குள் வைத்தார். "இதுல நட்சத்திரம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். விரலில் திருநீறு எடுத்து அதற்கு வைத்தார்.

அந்தக் கட்டுரையிலிருந்து உன் பெயரை எடுக்கும்வரை நான் விடமாட்டேன், அக்கா.

உன்னைக் கேட்காமல் உனக்காகக் கையெழுத்துப் போட்ட தங்கை,
செல்வி