மாற்றி எடுத்த அட்டை

2024 மே 14, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா வாசல் கதிரையில் இருந்தார். வலது கால் வாளித் தண்ணீருக்குள். துறைமுகத்தில் கப்பல் கயிறு கட்டும்போது ஆணி ஏறியிருக்கிறது. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியாது! இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தால் பாதம் மரத்துப்போய் இரண்டு வருடம். காலுறை நனைந்திருந்ததை வியர்வை என்று நினைத்தாராம்.

"ஆணிக்குத்தான் நொந்திருக்கும், எனக்கு நோகேல்லை" என்று பகிடி விட்டார். அம்மா சிரிக்கவில்லை.

மே 27, திங்கள்

புண் மூடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கிளினிக்கில் மருந்து கட்டுகிறார்கள். அறைக்குள் ஒரு மணம். நான் மூக்கைப் பொத்துவதை அப்பா கண்டுவிட்டார். யன்னலைத் திறக்கச் சொன்னார்.

ஜூன் 9, ஞாயிறு

அப்பா கால் இழுத்து இழுத்து சேர்ச்சுக்கு வந்தார். எங்கள் நாலாவது வாங்கு வரிசையில்தான் இருந்தார். ஆராதனை முடிய எல்லோரும் காலை விசாரித்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து வேத வசன அட்டையை எடுத்துக் காட்டினார்.

"நடப்பன், சோரமாட்டன் எண்டு இந்த வருசத்துக்கு ஆண்டவர் தந்தது. பிறகென்ன பயம்?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை எங்காவது எழுதித்தான் ஆகவேண்டும். எங்கள் சேர்ச்சில் வருடப் பிறப்பன்று காலை, வெள்ளைத் துணி சுற்றிய பிஸ்கட் டின் ஒன்று வாங்கு வாங்காக வரும். அதற்குள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகள். பார்க்காமல் கைவிட்டு எடுக்கவேண்டும். எடுத்தது எடுத்ததுதான், அந்த வருடம் முழுக்க அதுதான் நமக்கான வார்த்தை. அன்று துறைமுகத்தில் கப்பல் வந்ததால் அப்பா வேலைக்குப் போய்விட்டார். அவருக்காக நான் எடுத்தேன். வந்தது, மரணம் வரைக்கும் உண்மையாயிருக்கச் சொல்கிற வசனம். புது வருடத்தின் முதல் நாளில் அந்தச் சொல்லை அப்பாவின் கையில் எப்படிக் கொடுப்பது? பாட்டுப் புத்தகத்துக்குள் அதைச் செருகிவிட்டுத் திரும்பக் கைவிட்டேன். இரண்டாவதாக வந்ததுதான் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது.

நான் மாற்றியதை ஒருவரும் காணவில்லை. முதல் அட்டை என் அட்லஸுக்குள் இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டுமாம். நஞ்சு ஏறுகிறதாம், பிந்தினால் உயிருக்கு ஆபத்தாம். டொக்டர் கோபமில்லாமல் இரண்டு தரம் சொன்னார்.

"காலை எடுத்தா நடக்கிறது எப்பிடி டொக்டர்? ஆண்டவர் பொய் சொல்லுவாரோ?"

டொக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். "இவர் சொன்னாச் சரிதான்" என்றார். மறுப்பென்று கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிட்டோம். அம்மா அட்டையை வாங்கிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார்.

ஆண்டவர் பொய் சொல்லவில்லை. நான்தான்.

ஜூன் 19

அப்பாவுக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு.

ஜூன் 20, வியாழன்

இடைவேளையில் என் வகுப்புத் தோழி சனூஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரோல்ஸைக் கடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஒனக்கென்ன விசரா புள்ள? ஒங்கட அப்பாட உசிர் பெரிசா, ஒன்ட வெக்கம் பெரிசா?"

"அடிச்சா?"

"அடிச்சா ஒரு அடி. சொல்லாட்டி?"

மிச்ச ரோல்ஸை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அதைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமலே போய்ச் சொன்னேன். அழக்கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் ஏலாமல் போச்சு. அம்மா ஈரத்துணியை அப்பாவின் நெற்றியிலேயே விட்டுவிட்டு எழும்பினார். "அப்ப இது எங்களுக்குத் தந்ததே இல்லையா? எத்தினை பேருக்குச் சொல்லித் திரிஞ்சனாங்கள்!" சுவரிலிருந்து அட்டையைப் பிடுங்கினார்.

அப்பா தடுத்தார். "கிழிக்காதை. அது ஆருக்கோ வரவேண்டியது. போதகர் ஐயாட்டக் குடுக்கலாம். பாவம், அந்த மனிசர் இந்த வருசம் என்னத்தோட இருக்கினமோ."

அம்மாவுக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை. அப்பா கையை நீட்டினார். அட்லஸிலிருந்து முதல் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வரிதான், ஆனால் நெடுநேரம் வாசித்தார்.

"ஏன் மகள் மாத்தினனீ?"

"பயத்தில, அப்பா."

"நான் பயப்பிடுவன் எண்டு என்னைக் கேக்காமலே முடிவெடுத்திட்டாய், என்ன?"

பிறகு அம்மாவிடம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிக்கச் சொன்னார்.

ஜூன் 22, சனி

எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை முழங்காலுக்குக் கீழே என்றார்கள். இன்று மேலே.

நான்கு நாள்.

ஜூன் 23, ஞாயிறு

சேர்ச்சுக்குப் போகவில்லை. அம்மா என்னோடு கதைப்பதில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஊன்றுகோல்களோடு அப்பா முதல்முறையாக சேர்ச்சுக்குப் போனார். படியில் நானும் போதகர் ஐயாவும் பிடித்தோம். அம்மா படிவரை கொண்டுவந்து விட்டுவிட்டு மதிலில் போய் இருந்துவிட்டார்.

"உள்ளுக்கு வாங்கோவன் அம்மா."

"நீங்க போங்க. எனக்கு அவரோட கதை இல்லை."

"ஆரோட? அப்பாவோடயா?"

"உள்ளுக்கு இருக்கிறவரோட."

பீடத்தின் முன் முழங்காலிட முடியாது. அப்பா வாங்கிலேயே இருந்தார், ஐயா அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாவது அட்டையை நான் ஐயாவிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "உன்ர வயசில நானும் மாத்தித்தான் எடுத்திருப்பன்" என்றார். அது ஆறுதலாக இல்லை.

செப்டெம்பர் 15, ஞாயிறு

துறைமுகத்திலிருந்து இனி ஒருவரும் அப்பாவைக் கூப்பிடப்போவதில்லை. கப்பல் ஊதும்போது மட்டும் தலையைத் திருப்புகிறார். இன்று ஜெபத்தில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னார். எதற்கு நன்றி? கேட்க எனக்குத் துணிவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

மழை. அம்மா குடையோடு மதிலடியில் நின்றார். சனிக்கிழமை பின்னேரம் அப்பாவின் வெள்ளைச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் மினுக்குவதும் அவர்தான், ஓட்டோவுக்குச் சொல்வதும் அவர்தான். ஒரு ஞாயிறும் பிந்தவிடவில்லை. ஜெபிக்கிறாரா என்றால் இல்லை. சாப்பாட்டுக்கு முன் நாங்கள் கண்மூடும்போது அவர் சோற்றுச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

(எனக்கு எப்படித் தெரியும்? நானும் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.)

டிசம்பர் 11, புதன்

இடது பாதத்தின் சின்ன விரலில் ஒரு கறுப்புப் புள்ளி. தினமும் டோர்ச் அடித்துப் பார்க்கிற அம்மாதான் கண்டார். உடனே கிளினிக். "பாப்பம்" என்றார்கள்.

2025 ஜனவரி 1, புதன்

காலையிலிருந்து தூறல். சேர்ச்சின் சீமெந்து நிலம் முழுக்க ஈரம். படியில் அப்பாவின் ஊன்றுகோல் ஒருதரம் வழுக்கியது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நாலாவது வாங்கின் ஓரத்தில், எப்போதும் எழும்பிப் போகலாம் என்பதுபோல இருந்தார்.

டின் வந்தது. நான் திருப்பிக் கொடுத்த அட்டையும் அதற்குள் இருக்கும். ஐயா டின்னை அப்பாவிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் ஐயா. போன வருசத்து அட்டையே இன்னும் முடியேல்லை."

அப்பா முதல் அட்டை இருக்கிற சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். ஐயா டின்னைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார். விரலில் முதலில் பட்டதை எடுத்தேன். வாசிக்காமல் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

டின் அம்மாவுக்கு முன்னால் நின்றது. அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இரண்டு கையாலும் அப்பாவின் ஊன்றுகோல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆசீர்வாதம் சொல்லி முடியும்வரை அவர் எழும்பவில்லை.