வாசற்கதவு சொன்ன பெயர்

ரெசிஃபி, ஜூன் 25

அன்புள்ள தாசியோவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடு கண்ணா, மருந்துக்கடை வேலையிலிருந்து வரவே ஒன்பதாகிவிட்டது, பிறகு பாத்திரம், உன் தங்கை ராயானியின் பள்ளிச் சீருடை, உன் அப்பாவின் புலம்பல் எல்லாம் முடிந்து வீடு அடங்க நள்ளிரவு ஆகிவிட்டது, அதனால் எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொள், கவலை என்று எடுத்துக்கொள்ளாதே, கவலையும் இருக்கிறது, அது வேறு. இங்கே மூன்று பேரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சௌக்கியம் கொஞ்சம் கூடிப்போய், பண்டிகைக்கு எடுத்த கட்டம்போட்ட சட்டையின் பொத்தான் வயிற்றில் நிற்க மறுக்கிறது. நீ அந்தக் குரிச்சிபா குளிரில் எப்படி இருக்கிறாய், இருமல் விட்டதா, கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்கிறாயா அல்லது அது இன்னும் நான் மடித்து வைத்த மாதிரியே பெட்டியில் இருக்கிறதா, அதை முதல் வரியில் எழுது, உலகம் எங்கே போகிறது என்பதை இரண்டாவது வரியிலிருந்து எழுதலாம்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. ஸ்மார்ட்போனை விற்றுவிட்டுப் பட்டன் போன் வாங்கிக்கொண்டு, அம்மா இனி எனக்குக் காகிதத்தில் எழுது, காகிதம் யாரிடமும் போய் வத்தி வைக்காது என்று எழுதியிருந்தாயே, அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. "மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி கம்ப்யூட்டர் படிக்க அனுப்புன பையன் தபால்தலை ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், இன்னும் ரெண்டு வருஷம் போனா புறா வளப்பான் பாரு" என்றார். நான் சிரிக்கவில்லை, அதாவது அவர் எதிரில் சிரிக்கவில்லை. நாம் எல்லோரும் அந்த சைபர்பங்க் கதைகளில் வரும் உலகத்துக்குள் கால் வைத்துவிட்டோம், மேலே கண்ணாடிக் கோபுரங்கள், கீழே ஓயாத மழை, நடுவில் மனிதர்கள் வெறும் எண்களாக, நம் முகத்தைக்கூட ஏதோ ஒரு கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். கடைசியில் இரண்டு விஷயம் சொல்லியிருந்தாய். ஒன்று, நம் கட்டடத்து வாசல் இயந்திரத்திலிருந்து உன் முகத்தை எடுத்துவிட வேண்டும். இரண்டு, விமான நிலையத்திலும் முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள் என்பதால் டிசம்பரில் வீட்டுக்கு வருவது சந்தேகம். முதல் விஷயத்துக்கு உன்னிடம் ஒரு முடிவு கேட்க வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் இந்த அவசரக் கடிதம். இரண்டாவதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

அந்த இயந்திரம் ஜனவரியில் நீ இங்கே இருந்தபோதுதான் வந்தது. அசோசியேஷன் தலைவி சுலெய்தியம்மா எல்லோரையும் கேமரா முன்னால் வரிசையாக நிறுத்தினார், நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாய், நான்தான் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. வாட்ச்மேன் அமரோ அண்ணனை நிறுத்திவிட்டார்கள். மீட்டிங்கில் நான் வேண்டாம் என்று கை தூக்கினேன், உன் அப்பா வேண்டும் என்று கை தூக்கினார், மெயின்டனன்ஸ் குறையுமாம், அன்றிலிருந்து ஒரு வாரம் அவருக்குக் காப்பியில் சர்க்கரை போடவில்லை. கடவுள் இருக்கிறார், அதே மாதம் அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி முகம் பப்பாளி மாதிரி வீங்கிவிட்டது, கதவு அவரை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது, மழையில் நின்றுகொண்டு கேமராவிடம் நான் எவரால்டோ, நான் எவரால்டோ என்று கத்திக்கொண்டிருந்தார். சிரித்தாய் அல்லவா, சிரி. ஆனால் இன்னொன்று சிரிப்பதற்கில்லை. அமரோ அண்ணன் இப்போது மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஒருநாள் நம் கட்டடத்துக்கே ஒரு பொட்டலம் கொண்டுவந்திருக்கிறார், ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், பேர் என்ன, அடையாள எண் என்ன, எந்த வீட்டுக்கு என்று கேட்டிருக்கிறது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, பத்தொன்பது வருஷமா இந்தக் கதவே நான்தாம்மா" என்றாராம். நான் லிஃப்டிலிருந்து வெளியே வந்தபோது பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அன்று ராத்திரி நீ சொல்வதெல்லாம் சரிதான் என்று நினைத்தேன்.

அந்தக் குரலுக்கு ஒரு பேர் உண்டு, கெய்லா. எங்கோ தொலைவில் பெலோ ஒரிசோன்ச்சி நகரத்தில் ஒரு ஹாலில் உட்கார்ந்து நாற்பது கட்டடங்களின் வாசலைத் திரையில் பார்க்கிற பெண். அமரோ அண்ணன் விஷயத்துக்குப் பிறகு நான் சண்டை போடத்தான் ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றேன், அவள் அழுகிற குரலில், "அக்கா, கேக்கலேன்னா எனக்கு மார்க் கொறையும், அவரு யாருன்னு எனக்கு யாருமே சொல்லலியே" என்றாள். அதற்கப்புறம் எப்படிச் சண்டை போடுவது. இப்போது அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே கதவைத் திறந்துவிடுகிறாள், விதிப்படி தப்புதான். நம் கட்டடத்து ஆட்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, இரண்டே மாதத்தில் அந்தப் பெண்ணின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது, காதலன் ஏன் விட்டுப்போனான் என்பது வரைக்கும் விசாரித்துவிட்டார்கள். இரண்டாம் மாடிக்காரி தினமும் மார்க்கெட் பையைக் கேமராவுக்குத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறாள், "பாரு கெய்லா, மரவள்ளி எப்படி வெளுப்பா இருக்குன்னு." உங்கள் கதைகளில் இந்த மாதிரி ஆட்கள் வருவார்களா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் புனித யோவான் திருநாளுக்கு முந்தின இரவு. பகல் முழுக்க மழை, சாயங்காலம் விட்டது, தெருவில் கோபுரங்களுக்கு நடுவே தார் ரோட்டிலேயே விறகு அடுக்கித் தீ மூட்டியிருந்தார்கள், பாதி விறகு ஈரம், ஒரே புகை. நான் அடுப்பில் கான்ஜிகா கிளறிக்கொண்டிருந்தேன், இளஞ்சோளப் பாலும் தேங்காய்ப்பாலும் இறுகி வரும் நேரம், கரண்டியை நிறுத்தினால் போச்சு. அப்போது என் போனில் வாசல் இயந்திரத்தின் செய்தி வந்தது. தாசியோ வீட்டுக்கு வந்துவிட்டார் என்று.

நான் என்ன நினைத்தேன் என்று வரிசையாக என்னால் சொல்ல முடியாது. விமானம் வேண்டாமென்று இரண்டரை நாள் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பிள்ளை வழியில் என்ன சாப்பிட்டானோ என்று நினைத்தேன். அடுப்பை அணைக்கவில்லை, லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை, நாலு மாடியும் ஓடினேன், ஒரு செருப்பு இரண்டாம் மாடியிலேயே நின்றுவிட்டது. கீழே போனால் வாசலில் கல்யாண மாப்பிள்ளை நிற்கிறான். உன் பள்ளி வழியனுப்பு விழாவுக்குத் தைத்த கோட்டு, தலையில் வைக்கோல் தொப்பி, மூக்குக்குக் கீழே எரித்த தக்கையால் வரைந்த மீசை. நம் ராயானி. பள்ளியில் திருநாள் ஆட்டத்துக்கு முன்னால் போடுகிற கிராமத்துக் கல்யாண நாடகத்தில் பையன்கள் எல்லோரும் வெட்கப்பட்டுப் பின்வாங்க, இவள்தான் மாப்பிள்ளை வேஷம் கேட்டு வாங்கியிருக்கிறாள், முடியையும் போன வாரம் ஒட்ட வெட்டிக்கொண்டாள். "அம்மா, கதவு என்னை அண்ணங்குது, வருக தாசியோன்னு சொல்லுது, திரும்பப் போய் இன்னொரு தடவ நிக்கட்டா" என்று குதிக்கிறாள். ஸ்பீக்கரில் கெய்லா, "என்னக்கா, வீட்டுக்கு மருமக எப்போ வருதாம்" என்று சிரிக்கிறாள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டேன். ராயானி அதைக் கவனிக்கவில்லை, அவளுக்கு மீசை கலையாமல் இருக்கிறதா என்பதுதான் கவலை. கெய்லாதான் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்கா, நீங்க நெசமாவே அவருன்னு நெனச்சுட்டீங்களா" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். "நானும் மூணு வருஷமாத் திருநாளுக்கு ஊருக்குப் போகலக்கா" என்றாள்.

அந்தத் தாடை உன்னுடைய தாடைதான் கண்ணா. இந்த வருஷம் அவள் முகம் நீண்டுவிட்டது, தினமும் பக்கத்தில் படுக்கும் எனக்கே அது தெரியவில்லை. கான்ஜிகா அடிப்பிடித்துக் கறுத்துவிட்டது, அப்பா அதைப் புகை போட்ட புது வகை என்று சொல்லிக்கொண்டே முழுத் தட்டையும் சாப்பிட்டார், அவருக்குக் கோட்டைப் பார்த்ததும் என்னமோ ஆகிவிட்டது, ராயானியோடு இரண்டு பாட்டுக்கு ஆடினார்.

மறுநாள் சுலெய்தியம்மா படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். "பையன் வந்திருக்கானாமே ஜுசாரா, மெஷின்ல பதிவாயிருக்கு, கண்ணுலயே காட்டல" என்றார். ஐந்து மாதமாக உள்ளே வராதவர்களின் முகங்களை அழித்துவிடப் போகிறார்களாம், உன் பேரும் அதில் இருந்ததாம், இப்போது வந்துவிட்டதாகப் பதிவானதால் தப்பித்தது என்று சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் உன் முகம் அங்கேயே இருந்திருக்கும். ஒரு மாடி ஏறினேன், திரும்ப இறங்கி வந்தேன். அவன் வரவில்லை, அது ராயானி என்று சொல்லிவிட்டேன். அவர் மீசைக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அப்போ நீயே சொல்லு, உம்பையன் இங்க குடியிருக்கறவனா, விருந்தாளியா? குடியிருக்கறவன்னா முகம் இருக்கும், விருந்தாளின்னா அழிச்சுடுவோம், வர்ற மாசம் பன்னெண்டாந்தேதி மீட்டிங்ல எழுதணும்" என்றார். அவனையே கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவள் நான்தான், இப்போது அது இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொள்வதும் எனக்குத்தான், இதைப் பார்த்து நீ சிரிப்பாய். ஆனால் முகம் உன்னுடையது, ஜனவரியில் கேட்காமல் தள்ளினேன், இந்தத் தடவை கேட்காமல் எதுவும் சொல்ல மாட்டேன். நீ எழுதிய உலகம் வருமா வராதா என்றால், கொஞ்சம் வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தலைவலி மாத்திரை வாங்க வருபவர்களிடம் நானே நாள் முழுக்க அடையாள எண் கேட்டுக்கொண்டுதானே நிற்கிறேன், நீ சொன்னது போல அந்த இயந்திரத்தில் நானும் ஒரு சக்கரப் பல். அதற்காக உட்கார்ந்துவிடவில்லை. அதே மீட்டிங்கில் அமரோ அண்ணனைக் காலை வேளைக்காவது திரும்பக் கூப்பிட வேண்டும் என்று பேசப்போகிறேன், உன் கடிதத்திலிருந்து இரண்டு வரி திருடப்போகிறேன், மனிதர்கள் எண்கள் ஆகிறார்கள் என்ற வரி சுலெய்தியம்மாவுக்குப் பிடிக்கும். அப்பா இந்தத் தடவை என் பக்கம், சர்க்கரை நினைவிருக்கிறது. ஆனால் நீ பயந்துகொண்டு, திரையை இழுத்துவிட்ட அறையில் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தால் அதை வேண்டாம் என்று நான் எந்த மீட்டிங்கில் கை தூக்குவது. பக்கத்து அறைப் பையனோடு சேர்ந்து சாப்பிடு. உலகத்தைப் பற்றி அவனிடமும் சண்டை போடு, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நீ எடுத்துவிடு என்றால் சுலெய்தியம்மா பக்கத்தில் நின்று அழிக்கிற வரைக்கும் பார்த்துவிட்டு வருகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டேன். டிசம்பரில் பஸ்ஸிலேயே வா, எத்தனை நாளானாலும் பரவாயில்லை. கதவுக்கு உன்னைத் தெரியவில்லை என்றால் நம் வீட்டு மணியை அழுத்து, நான் இறங்கி வந்து திறக்கிறேன், எந்த நேரமானாலும்.

போனில் பேசும்போதெல்லாம் ஆசீர்வாதம் அம்மா என்று சொல்லித்தான் ஆரம்பிப்பாய், காகிதத்தில் அதை எழுத மறந்துவிட்டாய், நீ கேட்காவிட்டாலும் கொடுக்கிறேன், கடவுள் உன்னைச் சந்தோஷமாக வைத்திருக்கட்டும். அப்பாவின் அணைப்பு, ராயானியின் மீசை முத்தம். காலுறையைப் பெட்டியிலிருந்து எடு. குடியிருப்பவனா, விருந்தாளியா என்று மட்டும் பன்னிரண்டாம் தேதிக்குள் எனக்குத் தெரிய வேண்டும், தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
ஜுசாரா