மருமகளின் மயக்கு வித்தை

பிப்ரவரி 3

மருமகளுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசினால் என்ன, எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். ஒளிவுமறைவு வேண்டாம், சொல்லிவிடுகிறேன். உன் தொழிலே ஹிப்னாடிசம், ஆட்களைப் பேசி மயக்குவது. குரலைக் கேட்டால் ஆபத்து, கண்ணைப் பார்த்தால் அதைவிட ஆபத்து. காகிதத்தில் அந்த வித்தை செல்லாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் எனக்கு இல்லை. எங்கள் டிரைவிங் ஸ்கூலில் என்னோடு வேலை செய்யும் ஒரு அம்மாளுக்கு. அவளும் என்னைப் போல வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள்தான். மழை நாளில் ஒரு பெண்ணை ஓட்டவிட்டு மேம்பாலம் ஏறியிருக்கிறாள். பாதி ஏற்றத்தில் அந்தப் பெண் மிரண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு கிளட்சை மட்டும் மிதித்துவிட்டாள். வண்டி பின்னால் உருண்டது. பின்னால் லாரி. தன் பக்கத்துப் பிரேக்கை இவள் மிதித்ததால் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து மேம்பாலத்தைப் பார்த்தாலே இவளுக்குக் கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. மாணவர்களைச் சந்து சந்தாகச் சுற்றிக் கூட்டிப் போகிறாள். டெஸ்ட் எடுக்கும் வழியோ அந்தப் பாலத்தில்தான். முதலாளி பார்த்தார். "கொஞ்ச நாளைக்கு நீங்க ஆபீஸ்ல உக்காந்து சிக்னல் பாடம் மட்டும் எடுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அதற்கு வேலையைவிட்டே நிறுத்தியிருக்கலாம்.

இதற்கு உன் வைத்தியத்தில் வழி உண்டா? அவளுக்குச் சில பயங்கள். தூங்க வைத்துவிடுவீர்களாமே, எழுந்திருக்காமலே போனால்? மனசில் இருப்பதையெல்லாம் உளறிக் கொட்டிவிட்டால்? ஒரு விழாவில் மேடை மேல் ஒருவன் பெரிய மனுஷர் ஒருவரைக் கோழி மாதிரிக் கொக்கரிக்க வைத்ததை அவள் கண்ணாரப் பார்த்திருக்கிறாள்.

பதில் எழுது. போன் செய்யாதே.

இப்படிக்கு,
உன் கணவனின் தாய்

பிப்ரவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்துவிட்டேன். உங்கள் மகனிடம் காட்டவில்லை. அந்த அம்மாளின் சொந்த விஷயம் ஆயிற்றே.

அவரிடம் முதலில் சொல்லுங்கள், இது தூக்கம் இல்லை. நல்ல கதைப் புத்தகம் படிக்கும்போது அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் போகிறதே, ஏறக்குறைய அந்த நிலைதான். காது கேட்டுக்கொண்டே இருக்கும். எழுந்திருக்காமல் போவது என்பதும் கிடையாது. ஒரு நாள் நான் ஒருவருக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தபோது கட்டடத்தில் தீ மணி அடித்துவிட்டது. எனக்கு முன்னால் எழுந்தவர் அவர்தான். என் கைப்பையையும் எடுத்துக்கொண்டு படியில் ஓடினார். நல்லவேளை, தீ இல்லை, யாரோ ரொட்டியைக் கருக்கியிருந்தார்கள்.

ரகசியம் வெளியே வருமா? என்னிடம் வரும் ஒரு பெண்மணி வயதைக் குறைத்துச் சொன்னார். கண்ணை மூடி நன்றாக ஆழ்ந்த பிறகு பேச்சுவாக்கில் வயது வந்தது. அப்போதும் அதே பொய்தான். சொல்ல விரும்பாததை யாரும் சொல்வதில்லை.

கோழிக் கதைக்கு வருகிறேன். மேடைக்குக் கூப்பிட்டதும் ஓடி வருகிறவர் ஏற்கெனவே பாதிக் கோழி. கூட்டத்துக்கு முன்னால் விளையாட அவருக்கு ஆசை. அப்படிப்பட்டவராகப் பார்த்துத்தான் பொறுக்கி எடுப்பார்கள். நம்மிடம் வருபவர் தனக்கு ஆகாததைச் செய்யச் சொன்னால் செய்யமாட்டார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இது மந்திரம் இல்லை. ஒரே நாளில் பயம் பறந்துவிடாது. சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு அவ்வளவாக இல்லை. வீட்டில் பயிற்சி செய்ய வேண்டும். கடைசியில் நிஜப் பாலத்தில் ஏறித்தான் ஆக வேண்டும்.

நானே செய்கிறேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் தெரிந்தவர்களுக்கு நாங்கள் சிகிச்சை கொடுப்பதில்லை. அந்த அம்மாளை எனக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம். உங்கள் ஊரிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மனநல மருத்துவர். முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
மருமகள்

பிப்ரவரி 20

மருமகளுக்கு,

உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன். நேற்றுப் பாலத்தடி பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேனாம். இருந்தாளாம். சரி போகட்டும், நான்தான். நீ முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பாய். கண்டுபிடித்தும் சொல்லாமல் இருந்தாய், அதற்கு நன்றி.

ஆனால் நீ எழுதியதில் ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. விருப்பம் இல்லாததை யாரையும் செய்ய வைக்க முடியாது என்கிறாய். அப்படியானால் இதற்குப் பதில் சொல். என் மகன் ஒரு சட்டை எடுப்பதென்றாலும் என்னைக் கேட்பான். எந்தப் படிப்பு, எந்த வேலை, முடியை எவ்வளவு குறைப்பது, எல்லாம் என்னைக் கேட்டுத்தான். ஒற்றை ஆளாக வளர்த்தேன், ஒருநாள் என் பேச்சைத் தட்டியதில்லை. அப்பேர்ப்பட்டவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் போன் பண்ணி "அம்மா, கல்யாணம் ஆயிடுச்சு" என்கிறான். எப்படி?

தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், "அந்தப் பொண்ணு ஹிப்னாடிசம் படிச்சவளாம். மயக்கிட்டா." நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஆகவே நீ சொல்வது பொய்யாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் உன் ஆசிரியரிடம் போகிறேன். எனக்கு வண்டி வேண்டும். என்னைக் கோழியாக்கினால் உன்னைத்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா

பிப்ரவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

போவதாக எழுதியதைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே ஒரு யோசனை சொல்கிறேன். அவர் சொல்லும் எதுவாவது பிடிக்கவில்லை என்றால் மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். உடனே சொல்லிவிடுங்கள்.

கல்யாண விஷயத்தில் நான் என்ன சொன்னாலும் அது உங்களை மயக்கப் பார்ப்பதாகத்தான் இருக்கும். அதனால் இப்போது சொல்லாமல் விடுகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் உண்டே தவிர, ஆச்சரியம் இல்லை.

அங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டதா? இங்கே இன்னும் காலைப் பனி விடவில்லை.

அன்புடன்,
மருமகள்

மார்ச் 18

மருமகளுக்கு,

சில முறை போய்விட்டு வந்தேன். கோழியாகவில்லை.

உன் ஆசிரியரின் மீசையைப் பற்றி நீ முன்கூட்டியே எச்சரித்திருக்கலாம். முதல் நாள் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கயிற்றில் தொங்கும் கடிகாரம் எங்கே என்று அறை முழுக்கத் தேடினேன். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஜன்னல், பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிக்கும் சத்தம், அவ்வளவுதான். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். பிறகு குரலை இறக்கி, "இப்ப நீங்க ஒரு கடற்கரையில நடந்து போறீங்க" என்றார்.

நான் பட்டென்று கண்ணைத் திறந்துவிட்டேன். "கடல் வேணாங்க. மணல் கால்ல ஒட்டும், எனக்கு ஆகாது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிம்மா. உங்களுக்கு எங்க இருந்தா நிம்மதியா இருக்கும்?" என்று கேட்டார். இந்த வயது வரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துச் சொன்னேன்: விடிகாலையில் கடைகள் திறப்பதற்கு முன்னால் காலியாகக் கிடக்கும் கார் நிறுத்துமிடம். புது மாணவர்களை முதல் நாள் அங்கேதான் கூட்டிப் போவேன். சுற்றிலும் இடிப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

அங்கேயே என்னை உட்கார வைத்தார். ஆணிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எனக்குச் சம்பந்தமில்லாத சத்தமாகக் கேட்டது. கை கால் சுகமாகக் கனத்தது. அடுத்தடுத்த முறைகளில் அங்கிருந்து வண்டியை எடுத்து, மனசுக்குள்ளேயே மெல்ல மெல்லப் பாலத்துப் பக்கம் கொண்டுபோனோம். பயம் ஏறியபோது "போதும்" என்றேன். நிறுத்தினார். மாணவன் ஓட்டினாலும் என் காலடியில் ஒரு பிரேக் இருக்குமே, அங்கேயும் அப்படித்தான். பேசுவது அவர், பிரேக் என்னிடம்.

போன வாரம் முதலாளி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து நிஜப் பாலத்தைத் தாண்டினேன். கை ஈரமாகத்தான் இருந்தது. ஆனாலும் தாண்டினேன்.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் அங்கிருந்து பஸ்ஸில் திரும்பும்போது ஒரு எண்ணம் வந்து ஒட்டிக்கொண்டது. அத்தனை அனுபவசாலி, அவரால் என்னை ஒரு கடற்கரைக்குக் கூட்டிப்போக முடியவில்லை. அப்படியிருக்க, அப்போதுதான் படிப்பை முடித்த சின்னப் பெண் நீ, என் மகனைப் பதிவு அலுவலகம் வரைக்கும் எப்படிக் கூட்டிப்போயிருப்பாய்?

அப்படியென்றால் அவனாகத்தான் போயிருக்கிறான்.

பாலத்துப் பயத்துக்கு மருந்து கேட்டேன். இது அதோடு வந்த புது வலி. எதை எழுதுவதென்று தெரியவில்லை. நிறுத்துகிறேன்.

அவனுடைய அம்மா

மார்ச் 26

அன்புள்ள அத்தைக்கு,

பாலம் தாண்டியதைப் படித்து நான் சமையலறையில் கைதட்டினேன். அதற்கு அடுத்த பக்கத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் முறையாக ஒரு கடிதத்தை உங்கள் மகனிடம் கொடுத்தேன். உங்களைக் கேட்காமல் கொடுத்தேன், திட்டுவதானால் திட்டுங்கள். படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனவர் வெயில் தாழ்ந்த பிறகுதான் இறங்கி வந்தார். "சனிக்கிழம அம்மாவப் பாத்துட்டு வரேன்" என்றார். "நானும் வரவா?" என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

நான் வரமாட்டேன், அத்தை. நீங்கள் இருவரும் நேராகப் பேசாமல் இருப்பதற்கு இத்தனை நாளும் நான் ஒரு சாக்காக இருந்துவிட்டேன். இந்த ஒரு தடவை நான் இல்லாமல் பேசுங்கள்.

அன்புடன்,
மருமகள்

ஏப்ரல் 6

அன்புள்ள மருமகளுக்கு,

உன் வீட்டுக்காரன் வந்தான். கையில் பழப் பையோடு விருந்தாளி மாதிரி வாசலில் நின்றான். "சாப்டியா?" என்றேன். "சாப்ட்டேன்மா" என்றான். பொய். போட்டதையெல்லாம் வழித்துச் சாப்பிட்டான். அதுவரைக்கும் நாங்கள் பேசியது குழாய் ஒழுகுவதைப் பற்றி மட்டும்தான்.

எனக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து பேச வராது. ஸ்கூல் வண்டியைக் கேட்டு வாங்கிவந்திருந்தேன், அதில் ஏறச் சொன்னேன். பாலம் வந்தது. "அம்மா, சுத்திப் போயிடலாமே" என்றான். "நீ சும்மா உக்காரு" என்றேன். பாதி ஏற்றத்தில் முன்னால் நெரிசல். வண்டியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சை மெல்ல விட்டு, கைபிரேக்கைப் போட்டேன். அங்கே நின்றபடிதான் கேட்டேன்.

"ஏண்டா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

சீட் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தான். பிறகு, "சொன்னா நீ வேணாம்னு சொல்லியிருப்ப" என்றான். "சொல்லியிருப்பேன்தான். அதுக்கு?" என்றேன்.

"நீ வேணாம்னா நான் விட்டுடுவேன்மா. நீ வேணாம்னு சொன்ன எதையும் நான் செஞ்சதே இல்ல. இத விட மனசு வரல. அதான் கேக்காமலே செஞ்சேன்."

முன்னால் வண்டிகள் நகர்ந்தன. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். கிளட்சைப் பிடித்து, கைபிரேக்கை எடுத்து, ஒரு விரற்கடைகூடப் பின்னால் நழுவாமல் ஏறினேன். இறக்கம் முடிந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டு, எனக்கு ஒரே சிரிப்பு. அழுகையும் கொஞ்சம் கலந்துதான். அவன் பயந்துவிட்டான். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா. இத்தன வருஷமா உன்ன மயக்கி வச்சிருந்தது நாந்தான் போலிருக்கு."

அவனுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும். உன் நாற்காலியில் உட்காருபவர்கள் பிடிக்காததைச் செய்வதில்லை என்று எழுதினாயே. என் பக்கத்தில் வளர்ந்தவன் செய்துகொண்டே இருந்திருக்கிறான். பாசத்தால்தான் என்று வைத்துக்கொள்கிறேன். சொல்லாமல் செய்ததற்குத் திட்டவேண்டியதை அங்கேயே திட்டியும் முடித்தேன். உனக்காக எடுத்துவைத்திருந்த திட்டும் அவனுக்கே போய்விட்டது. இனி அவன் சட்டையை அவனே எடுக்கட்டும். அவனுக்கு நிறம் பார்க்கத் தெரியாது, பரவாயில்லை, இருவரும் சகித்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை முதலாளி வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். டெஸ்ட்டுக்குப் போகும் ஒரு பையனைப் பாலத்தில் ஏற்றி இறக்கினேன். அவன் கை என் கையைவிட அதிகமாக வியர்த்தது.

ஊருக்குக் கிளம்பும்போது உன் வீட்டுக்காரன் ஒன்று சொன்னான். உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதாம். அவன் சொல்லிக்கொடுக்கப் போய், நடுவழியில் நீ இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாயாம். சரியாகத்தான் செய்தாய். புருஷனிடம் கார் கற்றுக்கொண்டு உருப்பட்டவர்களை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து தங்கு. நான் சொல்லித்தருகிறேன். முதலில் அந்தக் காலி நிறுத்துமிடம், பிறகு தெரு, பிறகு பாலம். வண்டிக்குள் நான் கத்துவேன், மருமகள் என்றெல்லாம் பார்க்கமாட்டேன். கதவைத் திறந்து இறங்கிவிட்டால் மறந்துவிடுவேன், நீயும் மறந்துவிட வேண்டும்.

உயரக் குதிகால் வேண்டாம், கிளட்ச் காலுக்குத் தெரியாது. தட்டைச் செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
அத்தை