ஜீவா பேருக்கு வரும் மெசேஜ்

நவம்பர் 4, செவ்வாய்

விடிஞ்சதுலேர்ந்து தூறல். துணி காயல. குடையை ஸ்டேஷன்லயே விட்டு வந்தாச்சு.

இன்னிக்கு முதல் மெட்ரோ, பஸ், மின்சார ரயில் மூணுக்கும் ஒரே கார்டு. பழைய மெட்ரோ கார்டே போதும். என் டிக்கெட் கவுன்டர்ல ஒரே கூட்டம். எனக்கே பாதி புரியல, சொல்லிச் சொல்லித் தொண்டை போச்சு. பஸ் ஆபீஸ் ஆளு, ரயில்வே ஆளு, எங்க சூப்பர்வைசர். மெஷின் மக்கர் பண்ணா யார் பாக்கிறதுன்னு காலைலேர்ந்து பேச்சு. முடியல.

இன்னொரு புதுசு: மெஷின்ல கார்டை வச்சா, பதிஞ்ச நம்பருக்கு மெசேஜ் போகும்.

மதியம்தான் போனை எடுத்தேன். காலைலயே வந்திருக்கு. "வணக்கம் ஜீவா. தண்டையார்பேட்டையில் உங்கள் பயணம் தொடங்கியது."

தம்பி கார்டு. நான்தான் வாங்கிக் கொடுத்தேன், என் நம்பர் போட்டு. அவன் போய் ஒரு வருஷம் ஆச்சு. எண்ணூர் ரோடு, கன்டெய்னர் லாரி.

சாப்பாட்டு டப்பாவை மூடி வச்சுட்டேன்.

நவம்பர் 5, புதன்

இன்னிக்கும். தண்டையார்பேட்டைல மெட்ரோ. விம்கோ நகர்ல பஸ். கத்திவாக்கத்துல இறக்கம். ஜீவா ஷிப்டுக்குப் போன அதே வழி, அதே நேரம்.

ஆஸ்பத்திரில கொடுத்த பையில கார்டு இருந்துச்சா? ஞாபகமில்ல. மார்ச்சுவரில யாராவது எடுத்திருக்கணும். கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன் தட்டினா கார்டு நின்னுடும். தட்டல. எவனோ திருடினான்னா கோவம்தானே வரணும்? வரல.

வீட்டுல அம்மா அவன் படத்துக்குப் பூ மாத்திட்டிருந்தாங்க. நைனா இன்னும் ஹார்பர்லேர்ந்து வரல. ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

நவம்பர் 7, வெள்ளி

வயித்து வலின்னு லீவு. விம்கோ நகர், பஸ் நிக்கிற இடம். காலைலயே போய் நின்னேன். எண்ணூர் பஸ் வந்துச்சு. கையில போன் அதிர்ந்துச்சு. "வணக்கம் ஜீவா."

நிமிர்ந்து பாத்தேன். முன்படில ஏறி மெஷின்ல கார்டை வச்சது நைனா.

நானும் பின்படில ஏறிட்டேன். ஜன்னலோரம் உக்காந்தவர் திரும்பவே இல்ல. வழியெல்லாம் புழுதி, அமோனியா நாத்தம். கத்திவாக்கத்துல இறங்கினார். ஜீவா வேலை செஞ்ச கம்பெனி கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னார். ஷிப்டு ஆளுங்க உள்ள போகப் போக ஒவ்வொரு மூஞ்சியா பாத்தார். கேட்டை மூடினதும் திரும்பிட்டார்.

நான் ஒரு லாரி மறைவுல நின்னுட்டிருந்தேன்.

நைனாவுக்கு ஹார்பர்ல போட் இன்ஜின் பாக்குற வேலை. அதுக்குத்தான் இவ்ளோ சீக்கிரம் கிளம்புறார்னு ஒரு வருஷமா நெனச்சிட்டிருக்கோம்.

நவம்பர் 9, ஞாயிறு

மாடில துணி எடுக்கும்போது நைனாகிட்ட கேட்டேன். மறுக்கல. கார்டு ஆஸ்பத்திரிப் பையிலதான் இருந்திருக்கு. கருமாதி முடிஞ்சு கம்பெனிக்குக் கையெழுத்து போடப் போன அன்னிக்கு, மெட்ரோ ஸ்டேஷன் மெஷின்ல சும்மா வச்சுப் பாத்தாராம். கதவு தொறந்துச்சாம்.

"அவன் பூட்டான்னு அந்த மெஷினாண்ட யாரும் சொல்லலம்மா. அது ஒண்ணுதான் இன்னும் அவன உள்ள வுட்டுகினு கீது."

நீயும் அதுகிட்ட சொல்லிடாதன்னார்.

சொல்ல மாட்டேன்னேன். சொல்றதுதான் எனக்கு வேலையே.

நவம்பர் 11, செவ்வாய்

சர்க்குலர். பழைய கார்டு வச்சிருக்கிறவங்க நேர்ல வந்து போட்டோ எடுத்துக்கணும். வரலன்னா வெள்ளிக்கிழமையோட கார்டு நின்னுடும். மூணு ஆபீசும் சண்டை போடாம ஒத்துக்கிட்டது இது ஒண்ணுதான்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நைனாகிட்ட சொன்னேன். வேணும்னா உன் பேருக்குப் புதுசு எடுத்துத் தரேன்னேன்.

"என் பேர்ல இன்னாத்துக்கு? நான் எங்க போவப்போறேன்."

தூக்கமில்ல. பக்கத்து வீட்டு டிவி வேற.

நவம்பர் 15, சனி

மழை விட்டாச்சு. கார்டு வேலை செய்யாதுன்னு சொல்லியும் கிளம்பினார். நானும் கூடவே.

தண்டையார்பேட்டை ஸ்டேஷன். கார்டை வச்சார். சிவப்பு. சட்டையில துடைச்சு மறுபடி வச்சார். சிவப்பு. பின்னால நின்ன பொம்பள, கவுன்டர்ல கேளுங்க பெரியவரேன்னுச்சு. நான் என் ஐடியைக் காட்டினேன். அங்க இருந்த ஸ்டாஃப் பக்கத்துக் கதவைத் தொறந்து விட்டார். நைனா நகரல. அந்தக் கதவையே பாத்துட்டு நின்னார்.

"இது எனுக்குத் தொறக்குது. வாணாம்."

நடந்தே வீட்டுக்கு வந்தோம். அம்மா குழாயடில மீன் கழுவிட்டிருந்தாங்க. நைனா பக்கத்துல போய்த் தரையில உக்காந்து எல்லாத்தையும் அவரே சொன்னார். கார்டு, பஸ், கேட்டுக்கு எதிர்ல நின்னது, எல்லாம். அம்மா கத்துவாங்கன்னு பயந்தேன். கழுவிட்டேதான் கேட்டாங்க. அவர் முடிச்சதும் குழாயை மூடினாங்க.

"ஒரு நாளாச்சும் என்னியும் இட்டுகினு போயிருக்கலாமே."