விழுங்கிய கால் மணி நேரம்

இன்று காலைப் பத்திரிகையில் ஒரு செய்தி. லண்டனிலிருந்து பாரிசுக்கு இப்போது ஒன்றரை மணி நேரத்தில் விமானம் போய்விடுகிறதாம்! பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. இருந்திருந்தால் இந்நேரம் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லியிருப்பீர்கள். அந்த வாய்தானே அன்று நம் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது!

நீங்கள் குமாரபாளையத்திலிருந்து சேந்தமங்கலத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்த நாள். பூவும் பழமும் தட்டில் வைத்தாயிற்று. சும்மா இருந்திருக்கலாம். என் அப்பாவிடம் ஆரம்பித்தீர்கள்.

"லண்டன்ல ஆகாசக் கப்பல் ஏறுனா ரெண்டே மணி நேரத்துல பாரிசுங்க மாமா. எரநூறு மைலுக்கு மேலுங்க. இங்கிருந்து மெட்ராஸ்னு வெச்சுக்குங்க."

அப்பா பாரவண்டி ஓட்டியவர். தூரம் என்றால் அவருக்கு மைல் கிடையாது, வழியில் மாடு அவிழ்க்கிற இடங்கள்தான் கணக்கு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"மெட்ராசுக்குப் பத்து எடத்துல மாட்ட அவுக்கோணும். அவிங்க எங்க அவுப்பாங்க?"

"நடுவுல கடலுங்க. அவுக்க எடமே இல்லீங்க."

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "தண்ணி காட்டாம மெட்ராசா? பொய் பேசறவனுக்குப் பொண்ணு இல்ல" என்று தட்டை உங்கள் பக்கமே நகர்த்தினார்.

நீங்கள் சட்டைப்பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்தீர்கள். "நீயே சொல்லி நீயே படிப்பியா?" என்றார் அப்பா. கூடத்தில் வேறு யாருக்கும் எழுத்துத் தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரியும். நான் ஐந்தாவது வரை படித்ததை உங்கள் வீட்டாரிடம் மறைத்திருந்தார்கள். படித்த பெண் எதிர்த்துப் பேசும் என்று நீங்கள் பின்வாங்கிவிடுவீர்களோ என்று பயம். எனக்கோ உங்களை விட மனமில்லை. ஆகாயத்தைப் பற்றிப் பேசுகிற மாப்பிள்ளை இன்னொருவன் எங்கே கிடைப்பான்?

வெளியே வந்து கையை நீட்டினேன். அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்ததுகூட உறைக்கவில்லை. துண்டைப் பார்த்தேன். இரண்டு மணி இல்லை, இரண்டேகால் மணி என்று இருந்தது! கால் மணி குறைந்தாலும் அப்பாவுக்குப் பொய் பொய்தான்.

"லண்டனிலிருந்து பாரிசுக்கு இரண்டு மணி நேரம்" என்று சத்தமாகப் படித்தேன்.

"எழுத்துல இருந்தா நெசந்தான்" என்றார் அப்பா. உங்கள் அம்மா, "பொண்ணு படிக்குமா?" என்று இழுத்தார். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: "நல்லதாப் போச்சுங்கம்மா, எனக்குப் பேச்சுத் தொணையாச்சு." தட்டு திரும்பி வந்தது.

கல்யாணம் முடிந்து உங்கள் ஊருக்குப் போகும் வண்டியில்தான் காதருகே கேட்டீர்கள், "ஏம்புள்ள, அந்தக் கால் மணிய எங்க வெச்சே?"

"மடியில முடிஞ்சு வெச்சிருக்கறனுங்க" என்றேன். மாடு மிரளும்படி சிரித்தீர்களே!

அதற்குப் பிறகு ஒரு செய்தியிலும் நான் ஒரு சொல்லை விழுங்கியதில்லை. இன்றைய செய்தியையும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாக, முழுசாகப் படித்தேன். ஒன்றரை மணி! நீங்கள் சொன்னதையே அரை மணி முந்திவிட்டார்கள். நம் பொய் இனிப் பொய்யே இல்லை.

ஆனாலும் அந்தக் கால் மணியை நான் அவிழ்க்கவில்லை. அன்று வண்டியில் நீங்கள் கேட்டபோது எங்கே இருந்ததோ, அங்கேயே மடியில் இருக்கிறது.