காக்கை இல்லாத கடற்கரையில் உனக்கு ஒரு படையல்

ஏட்டி லெச்சுமி, என் செல்லக் கழுதையே,

நீ பார்க்க ஆசைப்பட்ட கடலை நான் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னை விட்டுவிட்டுப் போக நானா நினைத்தேன்? பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நீ. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டா போனாய்?

உன் மகள் வித்யா மெக்சிகோவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து நமக்குக் கம்பெனியில் வேறு பேச்சே கிடையாது. பேண்டேஜ் சுற்றும் மிஷினுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவில் மெக்சிகோ. "ரோஸக்கா, நீ வராம நான் பிளேன்ல ஏற மாட்டேன், ஆமா சொல்லிட்டேன்" என்பாய். விசாவுக்காகப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரன் சொன்னதற்கு, "சிரிக்காம எப்படிய்யா வெளிநாட்டுக்குப் போறது?" என்று சண்டை பிடித்தாய். கடைசியில் அவனை முறைத்தபடியே எடுத்துக்கொண்டாய். அதில் மிஞ்சிய உன் போட்டோ ஒன்று என் பர்சிலேயே கிடந்தது.

நீ போன அன்று நடந்ததை உனக்கு நான்தான் சொல்ல வேண்டும். எந்த பிளேனைப் பிடித்தாலும் வித்யா வந்து சேர இரண்டு நாளாகும் என்றாள். அத்தனை நேரம் வைத்திருக்க முடியாது என்று உன் அண்ணன் சொல்லிவிட்டார். அதனால் உன் தலைமாட்டில் உட்கார்ந்து நான் போனைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளை உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டத் தூக்கிய நேரத்தில் படம் அப்படியே நின்றுபோனது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது நீ வீட்டில் இல்லை.

அதன்பிறகு அவள் வாயில் அம்மா என்ற சொல்லே வரவில்லையடி. வாராவாரம் என்னிடம் பேசுவாள். மழை பெய்ததா, முழங்கால் வலி எப்படி என்று எல்லாம் விசாரிப்பாள். உன் பேச்சை எடுத்தால் மட்டும், "சரி பெரியம்மா, வைக்கட்டுமா?" என்பாள். வருஷத் திதிக்காவது வருவாயா என்று கேட்டேன். "பூட்டிக் கெடக்க வீட்டுக்கு எதுக்கு வரணும் பெரியம்மா? அங்க யாரு இருக்கா?" என்றாள். இந்தப் பிள்ளை நம் ஊரையே தலைமுழுகிவிடுவாளோ என்று பயந்தேன். "நீங்களாச்சும் வந்து இருந்துட்டுப் போங்க" என்று அவள் டிக்கெட் அனுப்பியபோது மறுபேச்சு பேசாமல் கிளம்பியது அதனால்தான். திரும்புவதற்குள் எப்படியாவது அவளைத் திதிக்கு வரச் சம்மதிக்கவைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது.

கிளம்புமுன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் நீ வழக்கமாக வாங்கும் கடையில் பால்கோவா வாங்கினேன். மெக்சிகோ ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். பால் சாமானை உள்ளே விடமாட்டார்களாம். கையுறை போட்ட பெண் ஒருத்தி அதைக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனாள். "யம்மா, ஒரு வாய் தின்னு பாத்துட்டுப் போடு" என்று தமிழிலேயே சொன்னேன். அழகாகச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே போட்டுவிட்டாள். பாவி மக.

வித்யா லீவு போட்டு என்னை ஒரு சின்னக் கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போனாள். பர்ரா தெ நவிதாத் என்று பெயர். நவிதாத் என்றால் கிறிஸ்துமஸாம்! ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் நம் மில் தெரு அகலத்துக்கு ஓர் ஊர். தெருமுனையில் மாங்காயைக் கீறி மிளகாய்ப்பொடி தூவி எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். முதல் துண்டை வாயில் வைத்ததும் கம்பெனி கேட்டில் நீ முந்தானையில் முடிந்து கொண்டுவரும் மாங்காய் ஞாபகம் வந்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "காரமா பெரியம்மா?" என்றாள் வித்யா. ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

நாங்கள் தங்கியது எலேனா என்ற அம்மாள் வீட்டில். நம் வயதுதான். முன்னால் ஓலைக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை, பின்னால் வீடு. மீனை முதுகில் கீறி விரித்து, சிவப்பு மிளகாய் அரைத்துத் தடவி, தணலில் சுட்டுத் தருவாள். மக்காச்சோள மாவில் சப்பாத்தி மாதிரி ஒன்று சுடச்சுடப் போட்டுக்கொண்டே இருப்பாள். வேண்டாம் என்று கையை மறித்தால் இன்னும் இரண்டு விழும். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. ஆனாலும் காலையில் காப்பியும் கையுமாக உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் பேசுவோம். வித்யா தலையில் அடித்துக்கொள்வாள்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. சாயங்காலமானால் ஊர் நடுவில் பாட்டுக் கச்சேரி வைத்து, கிழவன் கிழவியெல்லாம் ஜோடியாக ஆடுகிறார்கள். எலேனா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். கோயிலில் சங்கீதம் பாடுவதைத் தவிர வேறெதற்கும் அசையாத இந்த உடம்பு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடியதடி! நீ பார்த்திருந்தால் விழுந்து புரண்டு சிரித்திருப்பாய். வித்யா கைதட்டினாள். ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஆட்டம் நின்றுபோனது.

அந்த ஊர்க் கோயிலில் நான் எங்கேயும் பார்த்திராத இயேசு சுரூபம் ஒன்று இருக்கிறது. சிலுவையில் விரிந்திருக்க வேண்டிய கை இரண்டும் தோளிலிருந்து கழன்று கீழே தொங்குகின்றன. ஒரு பெரும்புயலில் கை விழுந்ததாம், அத்தோடு புயலும் நின்றதாம். ஊரைக் காப்பாற்றத்தான் கையை இறக்கினார் என்று நம்பி, அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். நான் முழங்காலிட்டுக் கும்பிட்டேன். பின்னால் நின்ற வித்யா, "பாவம், இம்புட்டு நாளா கையத் தூக்கிட்டே இருந்தா வலிக்காதா? அம்மா இருந்தா இதத்தான் சொல்லியிருப்பா" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வாயை மூடிக்கொள்வாளோ என்று பயம்.

நவம்பர் பிறந்தது. நம் ஊரில் கல்லறைத் திருநாள் வருமே, அங்கேயும் அதே நாளில்தான் செத்தவர்களுக்குத் திருநாள். என் வீட்டுக்காரர் கல்லறைக்கு வெள்ளையடிக்க வருஷாவருஷம் நீயும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருவாய். பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டு முடித்ததும், "இம்புட்டுத்தானா ரோஸக்கா? ஒங்க ஆளுகளுக்குப் பசிக்காதா? வெறும் வெளிச்சத்த வச்சு அவிய என்ன செய்வாவ?" என்று கேட்பாய். எலேனாவும் என்னைப்போலக் கிறிஸ்தவச்சிதான், லெச்சுமி. ஆனால் அவள் கடையில் மேஜை போட்டு, நம் கேந்திப்பூவேதான், குவியல் குவியலாகக் கொட்டி, செத்துப்போன தன் புருஷன் படத்துக்கு முன்னால் சுட்ட மீனும் ரொட்டியும் உப்பும் தண்ணீரும் ஒரு பாட்டில் பீரும் வைத்தாள். அன்றைக்கு அவர் பசியோடு வருவாராம். உன் கேள்விக்குக் கடைசியில் பதில் கிடைத்தது, நீதான் கேட்க இல்லை.

உன் படத்தையும் வைக்கச் சொல்லி எலேனா கேட்டாள். "எங்கிட்ட இல்ல" என்றாள் வித்யா. அவள் போனில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் பர்சைத் திறந்து உன் விசாப் போட்டோவை எடுத்து மேஜையில் சாய்த்து வைத்தேன். எலேனா அதைப் பார்த்துவிட்டு வித்யாவிடம் என்னமோ கேட்டாள். "அம்மா ஏன் கோவமா இருக்காங்கன்னு கேக்கா" என்றாள் பிள்ளை. ஸ்டுடியோக் கதையைச் சொன்னேன். வித்யா அதை அந்த பாஷையில் சொல்லச் சொல்ல எலேனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு உன் படத்தைக் காட்டி, இவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள்.

பால்கோவா குப்பைக்குப் போயிருந்தது. அதற்கென்ன, அந்த ஊரில் மாடு இல்லையா? பெரிய வாணலியில் பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். நடுவில் எலேனா பட்டையைப் போட வந்தாள், கையைத் தட்டிவிட்டேன். கரண்டியை வித்யாவிடம் கொடுத்து, அடிபிடிக்காமல் கிண்டு என்றேன். பிள்ளை கிண்டினாள். பால் பாதியாகச் சுண்டியது. பாலை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள். "போன் நின்னு போச்சுல்ல பெரியம்மா. அதுக்குப் பொறவு என்ன நடந்துச்சு?"

இத்தனை மாதமாக அந்த நின்றுபோன படத்திலேயேதான் அவள் நின்றிருக்கிறாள். எனக்கு அதுவரை இது உறைக்கவில்லை.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். வெந்நீரில் குளிப்பாட்டியதை, முதல் சம்பளத்தில் அவள் எடுத்துத்தந்த பச்சைச் சேலையை உனக்கு உடுத்தியதை, கம்பெனியில் மிஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து நின்றதை. "வாய்க்கரிசி போடுற நேரத்துல ஒங்க மாமா ஒன் பேரச் சொல்லி, 'மக இல்லையே'ன்னு அழுதாரு. நான் எந்திரிச்சுப் போனேன். 'வேதக்காரம்மா, நீங்க போடலாமா?'ன்னு யாரோ கேட்டாவ. 'அவ மகளுக்குப் பதிலாப் போடுதேன், வழிய விடுங்க'ன்னேன். வித்யா போடுதா, வாங்கிக்கோட்டி லெச்சுமின்னு ஒன் பேரச் சொல்லித்தான் போட்டேன். ஒங்கம்மா ஒன் கையரிசிய வாங்காமப் போகல, தாயி."

கரண்டி கையிலிருந்து நழுவிவிட்டது. அம்மா, அம்மா என்று ஒரு பாடு அழுதாள், லெச்சுமி. நான் கட்டிக்கொண்டேன். எலேனா ஓடிவந்து பார்த்தாள், கரண்டியை எடுத்து விட்ட இடத்திலிருந்து கிண்டினாள். அதனால் பால்கோவா அடிபிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் வித்யா தலைக்குக் குளித்து, சோறும் பருப்பும் பால்கோவாவும் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கடலோரக் கட்டைச் சுவரில் கொண்டுபோய் வைத்தாள். இந்தக் கடற்கரையில் காக்கையே இல்லையே என்றேன். "தெரியும் பெரியம்மா" என்றாள். சொல்லிவிட்டுக் கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டாள். "கா... கா... ராரா! கா... ராரா!"

உன் குரலடி அது. மொட்டைமாடியில் நின்று காக்கையைக்கூட உன் தெலுங்கில் ராரா என்று கூப்பிடுவாயே, அதே இழுவை. ஒரு பறவை வந்து சுவரில் உட்கார்ந்தது. கறுப்புதான், ஆனால் காக்கை இல்லை. வால் நீளம், கண் மஞ்சள், கழுத்தில் நீலம் மின்னியது. தலையைச் சாய்த்து எங்களை முறைத்தது. "அந்த முறைப்பப் பாருங்க பெரியம்மா, விசாப் போட்டோ மாதிரியே இருக்கு!" என்று வித்யா சிரித்தாள். கண்ணும் சேர்ந்து சிரித்தது. சோற்றையும் பருப்பையும் விட்டுவிட்டுப் பால்கோவாவைக் கொத்திக்கொண்டு அது பறந்துபோனது. என் வேதத்தில் இதற்கு இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். வித்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "திதிக்கு வாரேன் பெரியம்மா. வீட்டத் தெறந்து வைங்க" என்றாள்.

நாளைக்கு மதுரையில் வந்து இறங்குகிறாள். நேற்று உன் வீட்டைத் திறந்து கழுவிவிட்டேன். பொங்கல் பானை நீ கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன்.

உன் புருஷன் திதியன்று ஒரு வருஷம் காக்கை வராமல், மத்தியானம் தாண்டியும் நீ பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாயே. மனசு கேட்காமல் நான் இலையோடு மில் காம்பவுண்டு வேப்பமரத்துக்கு ஓடி, காக்கை தின்றதற்குச் சாட்சியாக வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். "காக்காதான் நம்ம வீட்டுக்கு வரணும், நீ அங்க போயி ஊட்டிட்டு வாறியே ரோஸக்கா!" என்று அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாய். உன் மகளுக்கும் உன் பிடிவாதம்தான். நீ வந்து வாய் வைக்காமல் அவள் சாப்பிட மாட்டாள். அதனால் அவள் ராரா என்றதும் வந்துவிடு, காக்க வைக்காதே. வராவிட்டால் முன்பு போலவே இலையைத் தூக்கிக்கொண்டு, எந்த மரத்தில் உட்கார்ந்திருந்தாலும் உன்னைத் தேடி நான் வருவேன். இது சத்தியம்.

உன் பிள்ளைக்காக உனக்கு வாய்க்கரிசி போட்ட,
கூடப் பிறக்காத உன் அக்கா,
ரோஸ்லின்